நான்கு படி இறக்கிய பாட்டு

என் பாட்டுக்கார அண்ணாவுக்கு,

தங்கச்சி ஸ்டெல்லா எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் உங்களைக் குயிலாக்கிக் கவிதை கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. தைக்க வரும், கொஞ்சம் கீபோர்ட் வாசிக்க வரும். ஆகவே உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். ஊரும் வாசிக்கும், வாசிக்கட்டும்.

முதலில் இங்கத்தைய புதினம். நேற்று தெருவில் திரிகிற மான்களில் ஒன்று என் தையல் கடை வாசலில் தொங்கிய பாவாடையின் நாடாவை மென்றுவிட்டது. விரட்டினால் என்னையே முறைக்கிறது. கப்பல்துறைச் சபையில் இப்போது ஒரு பிள்ளை கைபேசியில் இசையைப் போட்டுவிட்டுப் பாடுகிறது. நன்றாகத்தான் பாடுகிறது, கோபிக்காதீர்கள். பாலையூற்று வீட்டில் உங்கள் கதிரையில் உங்கள் ராணி, என் மச்சாள், ஒருவரையும் இருக்க விடுவதில்லை. நம் ஓட்டோக்கார நௌபர் தெரியாமல் இருந்து ஏச்சு வாங்கினார்.

இருபத்திரண்டு வருடம் சபை சபையாகச் சேர்ந்து திரிந்தோம். மூதூருக்கு லோஞ்சுப் படகில் போன காலத்தில் கீபோர்ட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் இருப்பேன். நீங்கள் முன்னுக்கு நின்று கடலுக்குப் பாடுவீர்கள். பாலம் வந்த பிறகு கிண்ணியா நௌபரின் ஓட்டோ. நீங்கள் உள்ளே பாட, நான் வாசிக்க, அவர் வெளியே ஓட்டோவுக்குள் சரிந்து கிடந்து கேட்பார். அரைவாசிப் பாட்டு அவருக்கும் பாடம்.

எல்லா இடத்திலும் கடைசியில் கேட்பது உங்கள் சொந்தப் பாட்டைத்தான். நீங்கள் இருபது வயதில் இயற்றியது, டி சுருதியில். கடைசிச் சரணத்தில் 'வாரும்' என்று ஒரு சொல் உச்சியில் போய் நிற்கும். அந்த இடத்தில் ஆட்கள் கண் துடைக்க லேஞ்சியை எடுப்பார்கள். எனக்கு ஒன்றும் வராது. நான் விரல் வைக்க வேண்டிய அடுத்த கோர்டை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஏழு வருடத்துக்கு முன் நிலாவெளியில் அந்த 'வாரும்' உடைந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் இருமினதுபோலக் காட்டிச் சமாளித்தீர்கள். சாப்பாட்டையும் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

கீபோர்ட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் விரல் வைக்கும் இடம் மாறாது, வருகிற சத்தம் மட்டும் ஒரு படி இறங்கும். அடுத்த கூட்டத்தில் அதை ஒரு தரம் அழுத்தினேன். நீங்கள் என் விரல்களைப் பார்த்தால் அதே டி. குரல் லேசாக உச்சிக்குப் போனது. முகம் எப்படி இருந்தது தெரியுமா, கலியாண நாளில்கூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை. எண் தெரிகிற சின்னத் திரைக்கு மேல், தூசி படாமல் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீலையைப் போட்டு வைத்தேன். இடுப்புப் பெருத்த வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் ஓர் அங்குலம் விட்டுத் தைக்கிறவள் நான். அதுபோலத்தான் நினைத்தேன்.

ஆனால் நீங்கள் அதைச் சாட்சியாகச் சொல்லத் தொடங்கினீர்கள். "இருபது வயசில பாடின அதே டியிலதான் இண்டைக்கும் பாடுறன். கர்த்தர் என்ர குரலைக் காத்து வச்சிருக்கிறார்" என்று சபைக்குச் சபை கையை உயர்த்திச் சொன்னீர்கள். சனம் அல்லேலூயா என்றது. நான் தலையைக் குனிந்து மெல்ல வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

பல வருடம் ஒரு படியோடு நின்றது. பிறகு நீங்கள் போனதற்கு முந்திய வருடம், தை மாதத்தில் இரண்டாவது படி. பங்குனியில் மூன்றாவது. வைகாசியில் நான்காவது. கரகரப்பு பாட்டுக்காரனுக்குச் சாதாரணம் என்றீர்கள், மச்சாளும் மல்லி அவித்துத் தந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வருடத்தில் ஒரு படி இறங்கினால் அது வயது. ஐந்து மாதத்தில் மூன்று படி இறங்குவது வயதில்லை என்று எனக்கு விளங்காமலா இருந்தது?

நௌபருக்கே விளங்கியது. "என்னக்கா, அண்ணன்ட சத்தம் கீழ இறங்கின மாதிரிக் கெடக்கே" என்று கேட்டார். "தூசி போல. நீங்கள் ரோட்டப் பாத்து ஓட்டுங்கோ" என்றேன்.

அந்த வைகாசியில்தான் கிளிவெட்டிக்குப் போனோம். மனைவி செத்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே இருந்த அந்த வயல்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். செத்த வீட்டிலும் அழவில்லை, பிள்ளைகளோடும் கதை இல்லை. நீங்கள் 'வாரும்' என்றபோது மனிதர் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்து, "கொம்மாவுக்கு இந்தப் பாட்டெண்டா உசிரெல்லோ" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்று என் விரலும் கோர்டைத் தவறவிட்டது. நானும் அழுதேன், அண்ணா. நீங்கள் கண்ணை மூடிப் பாடுகிறவர், காணவில்லை.

வரும்போது, "பாத்தியே ஸ்டெல்லா, அந்த டிக்குத்தான் மனுசன் திரும்பினது" என்றீர்கள். "ஓம்" என்றேன். அது டி இல்லை. நான்கு படி கீழே, பி பிளாட். உங்களுக்கு அதை அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு நன்மை வந்திருக்கும். வைத்தியரிடம் ஒரு மாதமாவது முந்திப் போயிருப்பீர்கள். உங்கள் பாட்டுக்கு அந்த உயரம் தேவையே இல்லை என்பதையும் அறிந்திருப்பீர்கள்.

ஆனியில் விழுங்க ஏலாமல் போன பிறகுதான் போனோம். "குரலில ஏதும் மாற்றம் கண்டனீங்களோ?" என்று வைத்தியர் கேட்டார். நீங்கள் "இல்லை, அதே டி" என்றீர்கள். மச்சாளும் இல்லை என்று தலையாட்டினார். உங்கள் மருத்துவக் கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. தொண்டைக்குள் கட்டியைக் கண்டு, முந்தி வந்திருக்கலாமே என்று அவர் சொன்னபோதும் திறக்கவில்லை. முந்திப் போயிருந்தால் இருந்திருப்பீர்களா? யாரிடம் கேட்பது?

போன செவ்வாய்க்கிழமை மச்சாளிடம் சொன்னேன். குசினியில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"எப்ப இருந்து?"

"தையில இருந்து."

"டொக்டரிட்டப் போனது ஆனி."

"ஓம்."

"அஞ்சு மாசம்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "செத்த வீட்டில உங்கட பெரியம்மா எல்லாருக்கும் முன்னால என்னைக் கேட்டவா, 'ஒரே வீட்டில இருந்த உனக்குத் தெரியேல்லையோடி' எண்டு. இண்டைக்கும் சந்தைக்குப் போனா ஆராவது கேக்குதுகள். என்னண்டு எனக்கு விளங்காமப் போச்சு எண்டு நானும் ஒரு வருசமா என்னையே தின்னுறன்."

"உங்களுக்கு விளங்கியிருக்க ஏலாது மச்சாள். வீட்டில கீபோர்ட் இல்லாமத்தானே பாடுறவர். வசதியான இடத்தில தொடங்குவார். எத்தினை படி இறங்கினது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"சரி. எனக்குச் சொல்லிப்போட்டாய். என்னைக் கேட்ட சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

திரும்ப இலையை எடுத்தார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன். அவர் மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

வந்தவுடன், மலருக்கு முதலில் எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன். இதனால் உங்கள் சாட்சி பொய்யாகிவிடும். அது என்னுடைய பொய், நீங்கள் நம்பிச் சொன்னீர்கள். கிளிவெட்டி மனிதர் திரும்பியது மட்டும் பொய் இல்லை, அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்க ஏலாது.

ஆனால் அண்ணா, மலரை எத்தனை பேர் வாசிப்பார்கள்? படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, வெக்கைக்கு விசிறியாகப் பிடிப்பார்கள். ஆகவே சனிக்கிழமை வீட்டு ஜெபத்தில் நானே எழும்பி வாசிப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு சபையிலும் நான் வாய் திறந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா முன்வரிசையில் இருப்பார், காதும் மந்தம். அவருக்கும், குசினிக்குள் நிற்கிற மச்சாளுக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்வேன்: இனி ஒருவரும் ராணி மச்சாளைக் கேட்க வேண்டாம். அண்ணாவின் குரல் போய்க்கொண்டிருந்தது ஒருத்திக்குத் தெரியும். அது நான்.

உங்கள் ஒரே தங்கச்சி,
ஸ்டெல்லா