சதையில்லை அண்ணே, தண்ணீர்தான்

மூன்று வருஷம் டயாலிசிஸ் வார்டில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் கழுவிக்கொண்ட என் காசிம் அண்ணனுக்கு,

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இறந்துபோய் நாலு மாதம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பெருநாள் கழிந்து, ஆராய்ச்சிக்கு என்று சொல்லி, மெஷினில் உட்காருமுன் ஒரு குழாய், கழுவி முடித்ததும் ஒரு குழாய் என்று நம் இரண்டு பேரிடமும் டாக்டர் ரத்தம் எடுத்தாரே, அதுதான். "கிட்னி போனவன்கிட்ட ஹார்ட்டப் பத்தி என்னலா ஆராய்ச்சி?" என்று கேலிகூட செய்தீர்கள்.

உடம்பில் தண்ணீர் மிஞ்சினால் இதயம் விரிந்து இழுபடுமாம். அப்போது அது ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. தண்ணீரை வெளியே தள்ளு என்று கிட்னிக்கு அனுப்பும் சேதி. அதைக் கேட்க நமக்குக் கிட்னி எங்கே இருக்கிறது? மெஷின் தண்ணீரை இழுத்த பிறகாவது அது இறங்க வேண்டும். எனக்கு இறங்கியிருக்கிறது. உங்களுக்குக் கழுவி முடித்த பிறகும் இறங்கவே இல்லை.

"இத மட்டும் வெச்சு முடிவா சொல்ல முடியாது. ஆனா கழுவி முடிச்சா இவ்வளவு இருக்கணும்னு அவருக்கு நாங்க போட்ட வெயிட் தப்புன்னு நினைக்கிறேன். தண்ணி உள்ளயே நின்னுருக்கு. அதுலதான் ஹார்ட் ஓய்ஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். எல்லாருடைய ரத்தமும் சேரட்டும் என்று பிரீசரில் வைத்திருந்தார்களாம். ஒருவருடைய இதயம் போட்ட கூப்பாட்டை ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது என்ன நியாயம்? அவரைத் திட்டிக்கொண்டேதான் மினி பஸ் ஏறினேன். பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் அந்தத் திட்டு என் பக்கமே திரும்பிவிட்டது. அந்த வெயிட்டைப் போட வைத்தது யார்?

ஹரி ராயா பெருநாள் முடிந்த வாரம் தராசில் ஏறினீர்கள். வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடுதல். அவ்வளவையும் இழுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உயிர் போகும் என்று உங்களுக்குப் பயம்.

"தண்ணியா அங்கிள்?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்.

"இல்லம்மா, சதை. பெருநாள் சாப்பாடுலா."

மிஸ்ஸி நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "ஆமா மிஸ்ஸி, அவர் வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துல நானும் பக்கத்துலதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரெண்டு தட்டு பிரியாணி. முகத்தப் பாருங்க, சதைதான்."

கழுவி முடிக்கும்போது இருக்க வேண்டிய எடையை உங்கள் அட்டையில் ஏற்றி எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து மெஷின் அந்த இரண்டு கிலோவைத் தொடவே இல்லை. ஒருவருக்கொருவர் இப்படிச் சாட்சி சொல்வது நம் வார்டில் சகஜம்தானே? கால் பிடித்து நீங்கள் அலறுவதைக் கேட்டவன் வேறு என்ன சொல்வான்?

வலி தாங்கவில்லை என்று டாக்டரிடம் நேராகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அண்ணே? மெதுவாக இழுக்க வழி செய்திருப்பார்களே.

போன மாதம் கிள்ளானில் உங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். மைமூன் அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வந்தார். "நான்தான் தம்பி அவரக் கொன்னுட்டேன். பெருநாளன்னிக்கு சிராப் தண்ணிய கிளாஸ் கிளாஸா ஊத்திக் கொடுத்தது நான்தானே?" என்று அழுதார். நீங்கள் போன பிறகு அவர் பிரியாணியே ஆக்குவதில்லை. நான் "விதி அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவர் கட்டிக் கொடுத்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னை எதைக் கொண்டு அடிப்பது?

அண்ணி ஊற்றியதை அடுத்தடுத்த கழுவலில் இழுத்திருக்கலாம். நாம் சொன்ன பொய்யைத்தான் எந்த மெஷினாலும் இழுக்க முடியவில்லை.

உங்கள் நாற்காலியில் இப்போது கிள்ளான் பக்கம் மேருவிலிருந்து வரும் லோரி டிரைவர் ஒருவர் உட்காருகிறார். நேற்று தராசில் நின்றுகொண்டு, "தீபாவளிச் சதை மிஸ்ஸி" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தண்ணி மிஸ்ஸி. டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா இழுங்க" என்றேன். நாலு மணி நேரமும் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன் அண்ணே. டாக்டர் சொன்னதையும், நான் சொன்ன பொய்யையும் அண்ணியிடம் சொல்லப்போகிறேன். இனி இந்தப் பக்கம் வராதே என்று அவர் விரட்டலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "நீங்க கொல்லல அண்ணி" என்று அவர் காதில் விழச் சொல்லாமல் அந்தக் கடை வாசலை விட்டு நகரமாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குச் சாட்சி சொன்ன,
தம்பி சண்முகம்