திரும்பாமல் பேச ஒரு ஒயர்

புரட்டாசி ரெண்டாம் சனி, ராத்திரி.

இன்னைக்கு வாசலில் இருந்தது நான், மருமகள் செல்வி, பேரன் கண்ணன், கடையநல்லூர் மெக்கானிக் காதர். ஓட்டுகிறவனும் பின்னால் இருக்கிறவரும் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள, கண்ணனோட பைக்கில் இன்டர்காம் மாட்டினார்கள்.

"சார்ஜ் போட்டுக்கிட்டா போதும், ஒயர் வேண்டாம்க்கா" என்றான் காதர்.

செல்வி விடவில்லை. "நடுவழியில சார்ஜ் தீந்துட்டா? வண்டி பேட்டரியிலேருந்தே இழுத்துருங்க."

காதர் சீட்டைக் கழற்றி, டேங்க் ஓரமாக ஒயரைக் கொண்டுபோனான். "வண்டியில போயிக்கிட்டே அப்படி என்னதான் பேசுவிய?" என்று சிரித்தான்.

செல்வி சிரிக்கவில்லை. "அத்தைக்குச் சேவு வாங்கணும்னு இவன் அப்பாகிட்ட பின்னாலேருந்து சொன்னேன். காத்துல கேக்கல. என்னட்டின்னு திரும்புனாவ. எதிர்ல டிராக்டர்."

பேசியே என் மகனைக் கொன்றாள் என்றுதான் இத்தனை வருசமா அவளுக்கு முகம் கொடுக்காமல் இருந்தேன். என்ன பேசினாள் என்று இன்னைக்குத்தான் தெரியும்.

அந்த விபத்துக்கப்புறம் பைக்கிலேயே ஏறாதவள், ஹெல்மெட்டைப் போட்டு மகன் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, கேக்குதா?" கண்ணன் தலையைத் திருப்பப் போனான்.

"ஏலே, திரும்பாத! முன்னால பாத்தே பேசு."

அவளுக்கு ஹெல்மெட் வார் மாட்ட வரவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன்.

"வரும்போது சேவு வாங்கியாரேன் அத்தை" என்றாள்.

வாங்கியும் வந்தாள். தின்னேன்.

அவள்மேல் இனி கோபம் ஒன்றுமில்லை. ரோட்டைப் பாத்து ஓட்டுலேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்காமல் திரும்பினானே என் மகன் முருகேசன், அவனை மன்னிக்க மாட்டேன்.