வெங்காயத் தடை பற்றிய என் பதில்

பாபாவுக்கும் ஆயிக்கும் வைஜநாத்தின் நமஸ்காரம். ஆயியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். தில்லிக் குளிர்தான் படுத்துகிறது.

நேற்று ஒரு வேடிக்கை. ஐ.ஏ.எஸ். நேர்காணலுக்குப் பயிற்சி மையத்தில் ஒத்திகை வைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "நாசிக்கில் வெங்காய விவசாயி மகனா நீங்க? வெங்காய ஏற்றுமதித் தடை சரியா, தப்பா?" என்று கேட்டார். இங்கே எதையும் ஒரேயடியாகச் சரி, தப்பு என்று சொல்லக்கூடாது. இரு தரப்பையும் பேசிவிட்டு நடுவில் போய் நிற்க வேண்டும். நகரத்தில் விலைவாசி, விவசாயியின் நஷ்டம், குளிர்பதனக் கிடங்கு, செயற்கைக்கோளை வைத்து விளைச்சலைக் கணிப்பது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பிரமாதம்" என்றார். பிறகு, "அது கிடக்கட்டும் தம்பி, உங்க வீட்டு வெங்காயம் என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அதிலிருந்து படிப்பு ஓடவில்லை. செய்தித்தாளை விரிக்கிறேன், மடிக்கிறேன், மொட்டைமாடிக்குப் போகிறேன், வருகிறேன். போனில் நீங்கள், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ படி" என்கிறீர்கள். நானும் சரியென்று வைத்துவிடுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஆயி இடிக்கும் பூண்டுச் சட்னி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். மெஸ்ஸில் எல்லாக் குழம்பும் ஒரே ருசி. என் பழைய கம்பளியும் வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பாபா, கொட்டகையில் வெங்காயம் மிஞ்சியிருக்கிறதா, அழுகிவிட்டதா? பரீட்சைக்காகக் கேட்கவில்லை.

உங்கள் மகன் வைஜு