உமிக்கரி டப்பா

அன்புள்ள அக்கா,

இன்று காலை அலமாரியை ஒழித்தபோது உங்கள் உமிக்கரி டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் நீங்கள் பொடித்துக் கலந்த கிராம்பின் வாசனை எழுந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. டப்பாவுக்கு அது தெரியாது போலும்.

மயிலாப்பூர் முதியோர் விடுதியில் நாம் ஆயாக்களாக இருந்தபோது, சித்தம் கலங்கிய கிழவி ஒருத்தி இருந்தாளே. வாய்ப் பக்கம் யார் கை போனாலும் கடிப்பாள். என் கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு வாரமாகக் கன்னம் வீங்கி, சோற்றைத் தள்ளிவிட்டு முனகிக்கொண்டிருந்தாள். விடுதி மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "பல் இருந்தாத்தானே கடிப்பா? வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வராரு. கட்டிப்போட்டு எல்லாத்தையும் பிடுங்கிடச் சொல்றேன்." கடிபட்டவள் நான், எனக்கு அது நியாயமாகவே பட்டது.

உங்களுக்குப் படவில்லை. "அப்பால சோத்தை எத்த வெச்சி மெல்லும்?" என்றீர்கள். கிணற்றடியில் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு அந்தக் கிழவி தினமும் பல் தேய்த்துவிடுவாள். அதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், நீங்கள்தான் யோசித்தீர்கள். மறுநாள் இந்த டப்பாவோடு அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தீர்கள். "எனக்குத் தேச்சி வுடும்மே." அவள் சிரத்தையாகத் தேய்த்தாள். முடிந்ததும் தானே தன் வாயைத் திறந்தாள். விரலை உள்ளே விடுமுன், "கடிக்காத, இன்னா?" என்றீர்கள். அவள் கடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரையும் நீங்கள் விடவில்லை. "மொதல்ல நீங்க வாயைத் தொறங்க, சார்."

"காலையிலேயே தேய்ச்சுட்டேனே" என்றார் அவர். ஆனாலும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கிழவி அவருக்கும் தேய்த்துவிட்டாள். தன் பல்லெல்லாம் கரியோடு, அவள் வாயில் சொத்தை விழுந்து ஆடிக்கொண்டிருந்த ஒரே ஒரு பல்லை எடுத்தார். மற்றவை அவளுக்கே மிஞ்சின. வீக்கம் வடிந்ததும் முறுக்கு வேண்டுமென்று நம்மைப் படுத்தி எடுத்தாள்.

பிறகு உங்களுக்கும் ஞாபகம் தவறியது. சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் உங்கள் மகள் அழாத குறையாகச் சொன்னாள்: "அம்மா வாயைத் தொறக்கவே மாட்டேங்குது, சித்தி. ஈறெல்லாம் ரத்தமா கீது. கிட்டப் போனா அறையுது."

டப்பாவை எடுத்துக்கொண்டு உங்கள் எதிரே உட்கார்ந்து என் வாயைத் திறந்தேன். நெடுநேரம் பார்த்தீர்கள். நான் யாரென்று உங்களுக்குத் தெரியவில்லை. அது எனக்கு வலித்தது. பிறகு விரலால் கரியைத் தொட்டு, என் வாயருகே கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

"கடிக்காத, இன்னா?" என்றீர்கள்.