ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உன் அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நல்ல செய்தியாக வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய்வந்தால் எங்களுக்கு அது போதும். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்க்காதே. கடையில் வியாபாரம் சுமார்தான். எதிரே புதிதாக வந்த பெரிய கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு, அவர்கள் சொன்னது சரிதானா என்று தெருவைத் தாண்டி வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இதுவும் இலவசம்.

தம்பி ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று நான் பேசுவதைத் திருத்திக்கொண்டே இருப்பாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போன பிறகு அம்மா பேஸ்பால் அம்பயர் ஆனது உனக்குத் தெரியும், ஆனால் எப்படி ஆனாள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் தம்பி பஸ் பணிமனை டீமுக்கு, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சராக ஆடுவதால் நாங்கள் இருவரும் பார்க்கப் போவோம். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவள் ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற அதே குரலில் ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்வாள். பழைய அம்பயருக்கு முட்டி போய் அவர் விலகியதும், சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் இவளிடம் வந்து, "அக்கா, வெளியில இருந்து சொல்றதை உள்ள வந்து சொல்லுங்களேன்" என்றார். அவர் தமாஷுக்குச் சொன்னார், இவள் தமாஷுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. விதிப் புத்தகத்தை வாங்கி வந்து, நோயாளிக்கு மருந்து அளவு பார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தாள். மட்டைக்காரன் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் ஒருவர், ஓடுகிறவர்கள் மிதிக்கிற பேஸ்களின் பக்கம் ஒருவர் என்று மைதானத்துக்கு இரண்டு அம்பயர் வேண்டும் என்பதால் நானும் அம்பயர் ஆனேன். இதற்கு என் சம்மதம் கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஹாலில் தலையணையைப் பிளேட்டாக வைத்துப் பழகினாள். கேட்சரின் தோளுக்கும் மட்டைக்காரனுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும், அந்தச் சந்தில் தலையை வைத்துக் குனிய வேண்டும். பந்து வரும்போது தலை அசையக் கூடாது, கண் மட்டும் பின்னால் போக வேண்டும். பந்து போய்ச் சேர்ந்ததும் உடனே கத்திவிடக் கூடாது, ஒரு மூச்சு விட்டுப் பார்த்ததை மனதில் சரிபார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். முகமூடியை இடது கையால் கழற்ற வேண்டும், ஏனென்றால் அவுட் கொடுக்க வலது கை வேண்டும். இதையெல்லாம் அவள் செய்து பார்த்துக்கொண்டிருந்தபோது கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் வந்து நின்றார், இவள் "ஸ்ட்ரைக்" என்று கத்தினாள், அவர் சிலிண்டரை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, வேலைநிறுத்தம் எந்த ஊரில் என்று என்னிடம் கேட்டார். அம்பயருக்குக் கண் தெரியவில்லை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று கூட்டத்தில் சத்தம் போடுவார்கள். சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்டதே நான்தான், அவர்கள் பவர் எனக்குத் தெரியும், அதனால் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு விதியை மட்டும் உனக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு அம்பயர் தீர்ப்புக் கொடுத்துவிட்டால் இன்னொரு அம்பயர் தானாகப் போய் வாய் கொடுக்கக் கூடாது. தீர்ப்புச் சொன்னவர் வந்து கேட்டால்தான் சொல்லலாம். இந்த விதியைப் படித்தபோது எனக்குப் புதிதாகவே தெரியவில்லை, கல்யாணம் ஆனதிலிருந்து நம் வீட்டில் நடப்பதுதான். என்ன வித்தியாசம் என்றால், உன் அம்மா கேட்கிற வழக்கமும் கிடையாது.

போன மாதம் பணிமனை டீமுக்கும் ஐஸ் கம்பெனி டீமுக்கும் ஆட்டம். மகன் ஆடும் ஆட்டத்துக்குத் தாயும் தகப்பனும் அம்பயரா என்று நாங்களே தயங்கினோம், வேறு ஆள் இல்லை. ஐஸ் கம்பெனி டீமை நடத்துகிற வெல்டர், "அக்கா நின்னா சரி, எங்க பசங்களாவது சட்டை பட்டனைப் போட்டுட்டு வருவாங்க" என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்குப் பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி எத்தனை நாளாக அந்த மனிதரின் பார்வை படக் காத்திருந்தான் என்று உனக்கே தெரியும். கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமம், ஐஸ் கம்பெனிக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது, இரண்டாவது பேஸில் அவர்களுடைய லோடுமேன். அவனை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்கள், ஓடுவதைப் பார்த்தால் காரணம் புரியாது. அவன் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. மட்டைக்காரன் வலது பக்கம் தூக்கி அடித்தான், எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டான். அடித்தவன் முதல் பேஸை மிதித்தானா என்று பார்ப்பது என் வேலை, மிதித்தான், நின்றுவிட்டான். அதன் பிறகு எனக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் பிளேட் பக்கம் திரும்பினேன். திரும்பாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தேன்.

வலது பக்கத்திலிருந்து எறிந்த பந்து வந்தது, தம்பி பிடித்தான், சறுக்கி வந்த எக்ஸ்பிரஸின் காலில் பந்து இருந்த கிளவுக் கையுறையை வைத்தான். வைத்த வேகத்தில் பந்து கிளவை விட்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது, பந்து கிளவில் தங்காவிட்டால் அவுட் கிடையாது. தம்பி அதன் மேலேயே கவிழ்ந்தான், எழுந்தபோது பந்து கிளவுக்குள் இருந்தது. எனக்கு நேர் எதிரே நடந்தது, வெள்ளைப் பந்து, கறுப்பு மண். அம்மா நின்ற பக்கம் எக்ஸ்பிரஸின் உடம்பு முழுவதும் மறைத்துவிட்டது, இரண்டு எட்டு நகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும், அவள் நகர்வதற்குள் முடிந்துவிட்டது. அவள் முறைப்படி முகமூடியை இடது கையால் கழற்றி, ஒரு மூச்சு விட்டு, கிளவில் பந்து இருப்பதைப் பார்த்து, வலது கையை மடக்கி "அவுட்" என்றாள். பணிமனை ஆட்கள் தம்பியைத் தூக்கினார்கள். நான் என் இடத்தில் நின்று என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். "அக்கா, பந்து விழுந்துச்சு. உங்க பார்ட்னர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றார். அவள் "நான் பார்த்தேன்" என்றாள். அவர் இடத்தை விட்டு நகரவில்லை. அப்போது அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் காலில் கட்டியிருந்த காப்பின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான், அது நன்றாகத்தான் இருந்தது. அவள் என் பக்கம் நடந்து வர ஆரம்பித்தாள், பாப்பா. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஒரு விஷயத்தை என்னிடம் கேட்க வருவதை நான் பார்த்ததில்லை, அதனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுதான் முதலில் தோன்றியது. ஆட்டக்காரர்கள் காதுக்கு எட்டாத இடத்துக்கு வந்து, "பந்து கையில இருந்துச்சா?" என்றாள். நான் முதல் பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அதுதான் என் வேலை. அந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. "விழுந்துச்சு, அடியில இருந்து எடுத்தான்" என்றேன். "நல்லாத் தெரிஞ்சுதா?" என்றாள். "தெரிஞ்சுது" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், இரண்டு கையையும் விரித்து "சேஃப்" என்றாள். அவுட் இல்லை, ஐஸ் கம்பெனி ஜெயித்து ஆட்டம் முடிந்தது. ஆள் எடுக்கிறவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார், இன்றுவரை தகவல் இல்லை. தம்பி கிளவை வீசி எறிந்துவிட்டு அம்மாவுக்கு நேரே வந்து, "ரொம்ப நன்றி, அம்பயர்" என்றான். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லை, வெளியே அனுப்பியிருப்பாள். இதற்கு விதிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவன் பணிமனை நண்பனோடு தங்கப் போய்விட்டான். அம்மா வார்டு டியூட்டியில் இருந்த ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான், வாடிக்கையாளர் போகும்வரை ஃபிரேம்களைப் பார்ப்பதுபோல நின்றான். "நீங்க பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். சொல்லியிருக்கலாம் என்றேன். ஒரு ஃபிரேமை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, "அம்மா என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றான். அதை நான் நம்பினேனா என்று கேட்காதே, சொன்னபோது அவன் நம்பினான். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். "ஆடுறவனைக் கேட்க விதியில இடமில்ல" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. தம்பி துணி மாற்ற வந்தவன் அப்படியே தன் அறையில் தங்கிவிட்டான், ஆனால் யாரோடும் பேச்சில்லை, அதனால்தான் உன் போனையும் எடுக்கவில்லை. உன் மேல் கோபம் இல்லை, நீ எங்கள் பிள்ளை என்பதைத் தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அவன் ஆட்டத்துக்கு அம்மாதான். அவன் உட்கார்ந்திருக்கிறான், ஒரு கை தூரத்தில் அவள் குனிந்து நிற்கிறாள், இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை கிடையாது. மட்டையில் லேசாக உரசிய பந்து ஒன்று நேரே வந்து அவள் காறை எலும்பில் விழுந்தது. மார்புக் கவசம் பழைய அம்பயருடையது, அவர் பெரிய ஆள், இவளுக்குத் தொளதொளவென்று இறங்கிக் கழுத்துக்குக் கீழே இடைவெளி விட்டுக்கொண்டிருந்தது. அவள் அப்படியே குந்திவிட்டாள். நான் ஓடினேன், வராதே என்று கையைக் காட்டினாள். இந்த ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கேட்சருக்கு அடிபட்டால் அம்பயர் சுத்தமாக இருக்கிற பிளேட்டையே குனிந்து துடைத்துக்கொண்டு நேரம் கொடுப்பார், அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் ஏதோ யோசனை கேட்பதுபோலப் பந்து போடுகிறவனிடம் போய் நிற்பான். தம்பி எழுந்தான், அவளைப் பார்க்காமல் "டைம்" கேட்டான், அவள் குனிந்தபடியே கையைத் தூக்கினாள். அவன் பிட்சரிடம் நடந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் கத்த ஆரம்பித்த பிறகும் நின்றான். அவள் நிமிர்ந்து முகமூடியை மாட்டிய பிறகுதான் வந்தான். எலும்பு உடையவில்லை, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது, நீ பயப்படாதே.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். அங்கே பெண்கள் அளவில் மார்புக் கவசம் கிடைக்குமா பார். சட்டைக்கு உள்ளே போடுவதாக, வெளிப்புறம் கெட்டி ஓடும் உள்ளே பஞ்சும் உள்ளதாக இருக்கட்டும். பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைக்காதே, குனியும்போது மேலே ஏறி மோவாயில் இடிக்கும். காறை எலும்பு மூடி, தோளில் ஆடாமல் உட்கார வேண்டும், உன் உடம்பும் அவள் உடம்பும் ஒன்றுதான், நீயே போட்டுக் கடையில் குனிந்து பார். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதே. முகமூடி வேண்டாம், இருப்பது கனமானாலும் கம்பி நேராக இருக்கிறது, லேசானது வாங்கினால் அடி முழுவதும் கழுத்துக்குப் போகிறதாம்.

அம்மாவுக்கு அடிபட்டதற்கு மறுநாள் அந்தப் பிட்சர் மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்று கடைக்கு வந்தான். அவ்வளவு நேரம் என்னப்பா யோசனை நடந்தது என்று கேட்டேன். "ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுமே பேசல சார். 'அம்மா எழுந்துட்டாங்களா, நீ பார்த்துச் சொல்லு, நான் திரும்ப மாட்டேன்'னு அதையேதான் கேட்டுட்டு இருந்தான். எழுந்துட்டாங்கன்னு சொன்னேன். முகமூடியைப் போடட்டும்னு நின்னான்" என்றான். நான் இரண்டு பக்கத் திருகையும் இறுக்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பிட்சர்கிட்ட அவ்வளவு நேரம் நிக்க விடக் கூடாது, அம்பயர் நான்தான் போய்க் கலைச்சிருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தம்பியின் அறைக் கதவைத் தட்டினாள். கதவு திறந்து மூடியது. உள்ளேயிருந்து "ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று அவன் குரல் கேட்டது. அதற்கு மேல் எனக்குக் கேட்க வேண்டாம் என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் அனுசரணையாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். தம்பிக்கு இனிமேல் போன் செய், எடுப்பான், ஆனால் ஆட்டத்தைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே. ராத்திரியில் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது கண்ணுக்கு ஓய்வு கொடு, உன் பவர் ஏறினால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அப்பா