மேளத்தோடு அனுப்பிய மாமனுக்கு

மாமா,

எத்தனை முறை கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினாலும் என் விரல்களிலிருந்து புளி வாசனை போகமாட்டேன் என்கிறது. சாயங்காலம் ஒரு காயத்துக்குக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸ் பெண் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டாக்டர் கையில ரசம் வாசனை வருது?" என்று கேட்டாள். ரசம் இல்லையடி, குடம் துலக்கினேன் என்றேன். நீ கொடுத்த பித்தளைக் குடத்தைத்தான் சொல்கிறேன். நேற்று புளியும் சாம்பலும் போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். வேலைக்காரி வாங்க வந்தாள், கொடுக்கவில்லை. எதற்காகத் துலக்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆம்பூருக்கெல்லாம் நான் டாக்டரம்மா, உனக்கு மட்டும் கடைசிவரைக்கும் "இன்னாமே"தான். உரிமையோடு நீ, வா, போ என்று கூப்பிட எனக்கும் வேறு ஆள் மிச்சமில்லை. அதனால் கடிதத்திலும் மரியாதையெல்லாம் எதிர்பார்க்காதே.

நீ என் அம்மாவின் கடைசித் தம்பி. நம் வழக்கப்படி நான் பிறந்த அன்றைக்கே உனக்கு என்று முடிவாகிவிட்டது. என்னை உன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்களாம். ஏழு வயசுப் பயல் நீ, என்னைவிட அதிகமாக அழுதாய் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் பெரியவளானபோது மாமன் முறைக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டினாய். அது மறுநாள் காற்றிலேயே சாய்ந்துவிட்டது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு உன்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள், ஆனால் குடிசை கட்ட உனக்குக் கடைசிவரைக்கும் வரவில்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு முடித்த வருஷம், எங்கள் டீச்சரம்மா வீடு தேடி வந்தார். வேலூரில் பெண்களுக்கென்றே டாக்டர் படிப்புத் தொடங்கியிருக்கிறார்கள், நம் சேரிப் பெண்களில் ஒருத்திக்கு உபகாரச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார். படிப்பு, சோறு, துணி, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை, படிப்பு முடிகிறவரைக்கும் கல்யாணம் கூடாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். நம் சேரிக்கு அதுவரைக்கும் வந்த டாக்டர் யார்? தூரத்தில் நின்று நாக்கை நீட்டச் சொல்கிறவர். என் சின்னம்மா பிரசவத்தில் துடித்துக்கொண்டு கிடந்தபோது, அவர் தெருமுனையில் வண்டியைவிட்டு இறங்காமலே மருந்துச் சீட்டைக் கீழே போட்டுவிட்டுப் போனார். சீட்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடியவன் நீ. மருந்தோடு திரும்பி வந்தபோது உன் அக்கா இல்லை.

ஆனாலும் அப்பா கைவிரித்துவிட்டார். "மாமங்காரன் வாயால சொன்னாத்தான் ஆச்சு. நான் இன்னா பண்ண முடியும்?" டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளிக்கிழமை நம் வீட்டு வாசலில் பெரியவர்கள் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆளாளுக்கு உன்னைக் குழப்பினார்கள். "நாலு வருஷம் வெளியூர்ல இருந்த பொண்ணு திரும்பி வந்து உனக்குக் கஞ்சி காய்ச்சுமாடா? இஷ்டமில்லேன்னு ஒரே பேச்சா சொல்லிட்டுப் போ" என்றார் ஒரு பெரியவர்.

நீ எழுந்து கதவுப் பக்கம் வந்தாய். சுண்ணாம்பில் வெடித்த உன் கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாய்.

"இன்னாமே, உனக்கு இஷ்டமா?"

அந்த மாதம் முழுக்க என்னைப் பற்றி ஊரே பேசியது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது நீ ஒருவன்தான். இஷ்டம் என்றேன். எனக்கே கேட்காத குரல் அது. வெளியிலிருந்து "இன்னா சொல்லுது பொண்ணு?" என்று கத்தினார்கள். நீதான் திரும்பி நின்று உரக்கச் சொன்னாய்: "இஷ்டமாம். போகட்டும்."

அப்பா உனக்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மாமன் வாங்குறவன் இல்ல, செய்யுறவன்" என்றாய். அதோடு நிற்கவில்லை. உபகாரச் சம்பளம் என்ற பேச்சே உனக்குப் பிடிக்கவில்லை. "உபகாரமா? நம்ம பொண்ணு இன்னா பிச்சைக்கா போவுது? சோறு போடறாங்க, துணி எடுத்துத் தர்றாங்க, வீட்ல வெச்சுக்கிறாங்க, வேற கல்யாணம் கூடாதுன்றாங்க. அப்போ இது பொண்ணு குடுக்கிறதுதானே? வெறுங்கையோட அனுப்பினா நம்ம பொண்ணை இளப்பமா பாப்பாங்க. சீரோட அனுப்பணும்."

டீச்சரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நீ கேட்கிற ஆளா!

வேலூர் லாங் பஜாரை இன்றைக்குக் கடந்தாலும் எனக்கு முகம் சிவந்துவிடும். முன்னால் மேளம். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடித்துவிட்டு ஒதுங்கி நின்று கூலி வாங்கிய நம் ஆட்கள், அன்றைக்கு நம் வீட்டுப் பெண்ணுக்காக அடித்தார்கள். அதனால் அடி சற்று ஜாஸ்திதான். பின்னால் வெற்றிலை பாக்கு, வாழைத்தார், வெல்லம், ஒரு சேலை எல்லாம் தட்டுத் தட்டாக வந்தன. இடுப்பில் குடத்தோடு நடுவில் நான். கோட்டைப் பக்கம் நின்ற ஜட்கா வண்டிக்காரர்கள் மாப்பிள்ளையைத் தேடினார்கள்.

விடுதி வாசலில் காவல்காரர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "கல்யாண வீடு இது இல்லப்பா!" மாடியில் என்னோடு படிக்கப்போகிற பெண்கள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் குடத்தோடு இறங்கிவிடலாம் என்று இருந்தது எனக்கு. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரம்மா, அந்த வெள்ளைக்கார அம்மா, வெளியே வந்தார். மேளத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "மாப்பிள்ளை எங்கே?"

நீ கொஞ்சமும் யோசிக்காமல் கட்டடத்தைக் காட்டினாய். "இதோ நிக்குதே, இதாம்மா மாப்பிள்ளை."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா அதை இங்கிலீஷில் சொன்னபோது பெரிய டாக்டரம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அங்கேயே ஒரு வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டார். நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி மேளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

புறப்படும்போது நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பூந்த வீடு புடிக்கலேன்னா வந்துடுமே. மாமன் வீடு இருக்குது."

அந்தப் பெண்கள் என்னை எவ்வளவு நாள் கேலி செய்தார்கள், தெரியுமா? பிணத்தை அறுத்துப் படிக்கிற வகுப்பில் நான் மயங்கி விழுந்தபோது கூட, "மாப்பிள்ளை வீடு ஒத்துக்கொள்ளவில்லையா?" என்றார்கள். ஆனால் என்னைப் போலவே உபகாரச் சம்பளத்தில் வந்த இன்னொரு பெண் ஒருநாள் தனியாக என்னிடம் சொன்னாள்: "நான் ஒரு டிரங்குப் பெட்டியோட தனியா வந்தேன். உன்னைக் கொண்டுவந்து விட ஒரு ஊரே வந்துச்சு." அன்றைக்குத்தான் நீ என்ன செய்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அங்கே நான் யாருக்கும் தலைகுனிந்து சாப்பிடவில்லை, மாமா. மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு. வந்துவிட ஒரு வீடு இருக்கிறது என்ற தைரியம்தான் என்னை அங்கேயே உட்காரவைத்தது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே நீ கல்யாணம் செய்துகொண்டாய். நல்ல காரியம் செய்தாய். உன்னைக் கட்டாததில் எனக்கு வருத்தம் உண்டா என்று ஊர் ரொம்ப நாள் மோப்பம் பிடித்தது. இல்லை. உனக்கும் இருந்திருக்காது, உன் வீட்டுக்காரி வைக்கும் கருவாட்டுக் குழம்பை ஒருவாய் சாப்பிட்டவனுக்கு எப்படி இருக்கும்? பரீட்சை தேறி வந்ததும் நான் பார்த்த முதல் பிரசவம் அவளுடையதுதான். பூங்காவனம் பிறந்தாள். அவளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உன் வீட்டுக்காரி படுத்தபடியே சொன்னாள், அந்தக் குடம் நம் கல்யாணத்துக்கென்று நீ வாங்கி வைத்தது என்று. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்றேன். "அட வெச்சிக்க. எனக்கு வேற வாங்கிக் குடுத்துட்டாரு, உன்னுதைவிடப் பெருசு" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

போன தையில் உன் மார்ச்சளியை என்னால் நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். அதை இங்கே மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது குடம் துலக்கிய கதைக்கு வருகிறேன். பூங்காவனத்துக்கு அதே வேலூர்ப் பள்ளியில், அதே உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்ததும் பெரியவர்கள் கூடினார்கள். தகப்பனும் இல்லை, உன் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்தவனும் இல்லை. "மாமன் இல்லாத பொண்ணுக்குச் சீர் ஏது? யாராவது ரயில்ல கூட்டிட்டுப் போய் சத்தமில்லாம விட்டுட்டு வாங்க" என்றார்கள். கல்யாணத்தையே முடித்துவிடலாமே என்றும் ஒருவர் நூல்விட்டுப் பார்த்தார். நான் பாயின் நடுவில் போய் உட்கார்ந்தேன். "மாமன் முறைக்கு நான் இருக்கேன்" என்றேன். பொம்பளை மாமன் சீர் செய்கிறதா என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்திகளை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான், அதனால் சத்தமாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இன்று காலை லாங் பஜாரில் மறுபடி மேளம் கேட்டது. குடத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன், மாமா. விடுதி வாசலில் உன் வார்த்தையைத்தான் சொன்னேன், பிடிக்காவிட்டால் வந்துவிடு, வீடு இருக்கிறது என்று. மாமன் வீடு என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

குடம் போனால் என்ன, நீ கேட்ட கேள்வி என்னிடம் இருக்கிறது. பெண்கள் வெளியே வராத தோல் வியாபாரிகளின் கோஷா வீட்டுத் திரைக்குப் பின்னால் போனாலும் சரி, சுண்ணாம்புத் தொட்டிக்காரன் குடிசைக்குள் குனிந்து போனாலும் சரி, புருஷனையும் மாமியாரையும் வெளியே நிறுத்திவிட்டு, படுத்திருப்பவளிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன். சீர்ப் பேச்சு நடந்த அன்றைக்குப் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கும்போதே உன் பெண்ணையும் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"இன்னாமே, உனக்கு இஷ்டமா?"

"இஷ்டம்" என்றாள். அதை யாரும் திரும்பி நின்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மாமா. தெருமுனைவரைக்கும் கேட்டது.