தூணுக்கு விட்ட கட்டம்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை. திருப்பதி, கம்பெனி ரூம்.

லோகேஷ் பக்கத்துக் கட்டில்ல நிம்மதியா தூங்குறான். எனக்குத்தான் தூக்கம் வரல.

கம்பெனில நாங்க எட்டுப் பேர் சேர்ந்து போன்ல ஆடுற ஃபேக்டரி கேம்ல, ஒரு மாசம் மெனக்கெட்டு நான் ஒரு ஷெட் கட்டினேன். அதோட ப்ளூபிரிண்டைப் போன வாரம் இவனுக்குக் குடுத்தேன். "ஒரே கிளிக்ல அப்படியே வச்சிக்கோடா"ன்னேன். இன்னிக்கு கேண்டீன்ல அதத் தன்னோட டிசைன்னு எல்லார்க்கும் போன்ல காட்டிக்கினு இருந்தான். நான் எதிர்லதான் உக்காந்து துன்னுக்கினு இருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்ல.

கூட ஆடுற சூப்பர்வைசர் கேட்டாரு: "நடுவுல ஏம்பா ஒரு கட்டம் காலியா கிடக்குது?"

"பின்னாடி பெரிசு பண்றதுக்கு சார். யோசிச்சுதான் விட்டேன்."

யோசிச்சானாம்! அது எங்க ஊரு நகரியில இருக்கற எங்க பவர்லூம் ஷெட். இந்தப் பக்கம் மூணு தறி, அந்தப் பக்கம் மூணு தறி, நடுவுல கூரையத் தாங்குற தூண். கேம்ல தூண் தேவையில்ல. ஆனா அந்த இடத்துல மெஷின் வைக்க எனக்கு மனசு வரல. அதான் காலி.

ப்ளூபிரிண்ட் போனா போவுது, இன்னொண்ணு கட்டிக்குவேன். ஆனா பொங்கலுக்கு இவன் எங்க வீட்டுக்கு வந்தான். ஷெட்டுலதான் எல்லார்க்கும் எலை போட்டோம். "நல்லா சாஞ்சி உக்காருப்பா"ன்னு நைனா எடம் காட்டுனாரு. அந்தத் தூண்லதான் சாஞ்சிக்கினு, ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கித் துன்னான்.